டீச்சரின் கணக்குப் பாடத்தை நான் முடக்கினேன்

ஓய்வு பெறும் வயது எனக்கு ஆகவில்லை. முப்பத்திரண்டுதான். ஆனால் ஒன்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவள், அந்த நாற்காலியில் புதிதாக உட்காரப்போகிறவர்களிடம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கேக் வெட்டிய அன்று என்னைப் பேசச் சொன்னார்கள். பேசியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன். எழுத்திலும் கோபம் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். படித்து முடிக்கும்போது உங்களுக்கும் கொஞ்சம் கோபம் வந்தால் நல்லது.

எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை ஒரு வாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அழுத்துவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். வெளியாள் யாராவது இதைப் படித்தால் அவருக்கும் புரியட்டும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் 'இந்த வீடியோ எங்களுடையது' என்று ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுக்கிறது. வீடியோ தளத்தின் இயந்திரம், ஊர் உலகம் ஏற்றியிருக்கும் அத்தனை வீடியோக்களோடும் அதை ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் அந்த வீடியோ மீது கிளைம், அதாவது உரிமைக் கோரல், விழுகிறது. வீடியோவை ஏற்றியவர் 'இது தவறு' என்று ஆட்சேபம் எழுதலாம். அந்த ஆட்சேபம் பழங்காநத்தத்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் நம் மேசைக்கு வருகிறது. நாம் தளத்தின் ஆட்கள் அல்ல, உரிமை கோரும் நிறுவனத்தின் ஆட்கள். விடுவிக்கலாம், அல்லது நிராகரிக்கலாம். அவர் மேல்முறையீடு செய்து, அதையும் நாம் நிராகரித்தால், வீடியோ இறங்கிவிடும். சேனல் மீது ஒரு ஸ்ட்ரைக் விழும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஏழு நாளில் சேனலே அழிந்துபோகும்.

சிலர் தங்கள் வீடியோவைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவார்கள். 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்டுங்கள், ஒட்டுங்கள், விற்கவும் செய்யுங்கள். என் பெயரை மட்டும் போடுங்கள்' என்பதுதான் அதன் பொருள். அப்படிப்பட்டதை யாரும் மாதிரிக் கோப்பாகக் கொடுக்கக் கூடாது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட ஒன்றை எனக்கு மட்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் ஒவ்வொரு கோப்பையும் சேர்க்கும்போது, 'இது முழுவதும் எங்களுக்கு மட்டுமே உரியது' என்று ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்கிறார்கள்.

அந்த டிக்கை நான் போட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்தவர்கள். எங்கள் குடும்ப அட்டையில் நாலு பேர் பெயரும் தப்பு. எழுதியவர் வாயில் வந்ததை எழுதினார், திருப்பிக் கேட்க வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்தபோது என் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட நான் இன்னொரு பெண்ணின் பெயர் அழிக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லும்போது என் கோபம் முதலில் என் மீதே திரும்புகிறது.

என்னை வேலைக்கு எடுத்தவர் அப்போதைய பிரிவுத் தலைவர். நேர்காணலில் என் ஆங்கிலத்தைக் கேட்டு மற்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கியபோது, "கண்ணு வேகமா ஓடுது. இந்த வேலைக்கு அது போதும்" என்றவர். அந்த நன்றி எனக்கு உண்டு. வேலையைச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. ஒரு ஆட்சேபத்துக்கு இருபது வினாடி, அதற்கு மேல் யோசித்தால் யோசனைதான் வளரும் என்பார். அந்த இருபது வினாடியை நான் பத்தொன்பதாக்கினேன். அதற்காக மாதம் ஒருமுறை கைதட்டல் வாங்கினேன்.

ஒரு டியூஷன் நிறுவனம் நம்மிடம் வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்கள், தமிழ்வழி. வீடியோவில் முகம் கிடையாது. ஒரு கரும்பலகை, சாக்பீஸ் பிடித்த ஒரு கை, ஒரு பெண் குரல். மூலையில் நிறுவனத்தின் சின்னம். ஏற்றுவதற்கு முன் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குரல், "இங்க எல்லாரும் தப்பு விடுவீங்க, எனக்குத் தெரியும். பரவால்ல, விடுங்க. விட்டுட்டு வாங்க, சேந்து பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தப்பான விடையையே முதலில் எழுதியது. நன்றாக இருந்தது.

"சார், பாடம் எடுக்குற டீச்சர் யாருன்னு எங்கயும் இல்லையே. கேக்கணுமா?" என்று பிரிவுத் தலைவரிடம் கேட்டேன்.

"எல்லாம் எங்களதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காங்கல்ல? அப்புறம் என்னம்மா. டிக்கப் போடு, அடுத்ததப் பாரு."

கேள்வி எனக்கு வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வியே வராதவர்களை மன்னிக்கலாம். வந்த கேள்வியை விழுங்கியவள் நான்.

சில மாதம் கழித்து, பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில், ஆட்சேபங்கள் வந்தன. ஒன்று, 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கி, வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியின் கணித ஆசிரியை எழுதியது. பெயர் பேச்சியம்மாள். நீளமாக இருந்தது. நான் முதல் இரண்டு வரி படித்தேன். வீடியோவைத் திறந்து பார்த்தேன். ஏற்றப்பட்ட தேதி போன வாரம். நம் மாதிரிக் கோப்பு அதற்கும் மாதக்கணக்கில் பழையது. உரிமம் என்ற இடத்தில், 'யாரும் எடுக்கக் கூடாது' என்கிற சாதாரண உரிமம். யாரோ நம் கிளையண்ட் பாடத்தைத் திருடிப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். நிராகரித்தேன். மேல்முறையீடு வந்தது. அதையும் நிராகரித்தேன். 'உங்கள் கோரிக்கை எங்கள் குழுவால் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது' என்ற பதில் தானாகவே போனது. இப்படியே அவருடைய மூன்று வீடியோ, மூன்று ஸ்ட்ரைக்.

இரண்டு நாள் கழித்து வாட்ச்மேன் மேலே வந்தார். "கீழ ஒரு டீச்சரம்மா நிக்கிது. குழுவப் பாக்கணுமாம். போக மாட்டேங்குது."

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது விதி. நான் கீழே இறங்கிப் போனேன். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, தோளில் பை. ஆரப்பாளையத்தில் இறங்கி, பஸ் மாறி, எங்கள் அலுவலகத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கடை கடையாக விசாரித்து வந்திருந்தார்.

"பரிசீலிச்ச குழு நீங்களாம்மா?"

"ஆமா."

"எத்தன பேரு குழுவுல?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான் ஒருத்திதான் டீச்சர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் எழுதுனத முழுசாப் படிச்சியா?"

பாத்திரக்கடையில் யாரோ ஒரு அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் பிள்ளைக பரீட்சைத் தாள்ல கிறுக்கி வச்சாக்கூட நான் கடைசி வரி வரைக்கும் படிப்பேன்" என்றார். "சரி, இப்பச் சொல்றேன், கேளு. அந்தக் கை என் கை. அந்தக் குரல் என் குரல். எட்டு வருசமாப் போடுறேன். யாரு வேணும்னாலும் எடுத்துக்கங்க, பேர மட்டும் போடுங்கன்னு திறந்த உரிமத்துலதான் போட்டேன்."

"உங்க வீடியோ போன வாரம்தான் ஏறிருக்கு டீச்சர். உரிமமும் சாதாரண உரிமம்தான்."

"மொத நோட்டீசு வந்ததும் பதறிட்டேன். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சாரு, 'அழிச்சுட்டு மறுபடி ஏத்துங்க மேடம், சரியாப் போயிரும். அந்தத் திறந்த உரிமத்த மாத்திருங்க, அதான் வம்பு'ன்னாரு. மூணையும் போன்ல எறக்கி, சேனல்ல அழிச்சு, மறுபடி ஏத்துனேன்."

இந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். பயந்துபோனவர்கள் செய்யும் தவறு இது. அதன் பிறகு நூறு பேர் செய்து பார்த்திருக்கிறேன். தன்னுடையது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி பழைய தேதியும் பழைய உரிமக் குறியும்தான். நோட்டீசைக் கண்டதும் அந்த இரண்டையும் தன் கையாலேயே அழித்துவிடுகிறார்கள். நம் திரையில் அவர்கள் திருடர்களாகத் தெரிகிறார்கள். நாம் இருபது வினாடியில் தீர்ப்பு எழுதுகிறோம். அடுத்த முறை 'போன வாரம் ஏற்றியது' என்று பார்த்தால், அந்தச் சேனல் எத்தனை வருடம் பழையது என்றும் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

"மத்தப் பாடமெல்லாம் உங்ககிட்ட இருக்கா?"

"போன்ல எங்க இடம் இருக்கு? ஏத்துனதும் அழிச்சிருவேன். எல்லாம் சேனல்லதான் இருக்கு. இன்னும் அஞ்சு நாள்ல அது போயிருமாம். பரீட்சைக்கு மூணு வாரம்." அவர் குரல் அப்போதும் உடையவில்லை. "டியூசனுக்குப் போக வழியில்லாத பிள்ளைகதான் அதப் பாக்குதுக. திரும்பத் திரும்பப் பாக்கும். நூறு நாள் வேலைக்குப் போற அம்மா போன சாயங்காலம் வாங்கி வச்சுக்கிட்டுப் பாக்கும். அதுககிட்ட நான் என்ன சொல்ல?"

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாகத்தான் நான் இருந்தேன். எனக்கு அப்போது அப்படி ஒரு டீச்சர் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு மேலே வந்தேன். அந்த டியூஷன் நிறுவனத்தின் பெயரில் வந்த ஆட்சேபங்கள் முழுவதையும் திறந்தேன். முதல் முறையாக, கடைசி வரி வரை படித்தேன். ஒரு மணி நேரம் போனது. அதில் ஒன்று இப்படி இருந்தது:

'இந்தப் பாடம் நான் எடுத்ததல்ல. பேச்சியம்மாள் டீச்சர் எடுத்தது. அவர் திறந்த உரிமத்தில் கொடுத்திருந்ததால், காது கேளாத மாணவர்களுக்காக ஓரத்தில் சைகை மொழி சேர்த்திருக்கிறேன். அவர் பெயரும், உரிமமும், நான் எடுத்த தேதியும் வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.'

எழுதியவர் பெயர் சபீனா. நம் ஊரின் பழைய பகுதியில் இருப்பவர், காது கேளாதோர் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். அவருடைய வீடியோவின் தேதி நம் மாதிரிக் கோப்பைவிட மூன்று வருடம் பழையது. டீச்சரிடம் இல்லாத சாட்சி முழுவதும் அங்கே இருந்தது.

அதற்கு எதிரே, நிராகரித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். காரணம் என்ற கட்டத்தில் நானே தட்டச்சு செய்தது: 'தன்னுடையது இல்லை என்று ஏற்றியவரே ஒப்புக்கொள்கிறார்.'

நேர்மையாக உண்மையைச் சொன்னதையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறேன். பெயரைப் பிடுங்கிக்கொண்டவன் கிளையண்ட் ஆகிவிட்டான், பெயரை மறக்காமல் போட்டவள் திருடி ஆகிவிட்டாள்.

அவர் எண்ணுக்கு அழைத்தேன். "அதெல்லாம் எடுத்துட்டேங்க" என்றார் சபீனா. பயந்த குரல். "நீங்க தப்புன்னு சொன்னீங்கல்ல? கேசு கீசு ஆயிரும்னு எங்க அத்தா பதறிட்டாரு. எல்லாப் பாடத்தையும் அழிச்சுட்டேன். ஸ்கூல் கம்ப்யூட்டர்ல இருந்தும் அழிச்சாச்சு. இன்னும் ஏதாச்சும் செய்யணுங்களா?"

"இல்லம்மா. தப்பு எங்களதுதான்" என்றேன். அவர் அதை நம்பவில்லை, "வேற ஒண்ணும் செய்ய வேணாங்களா?" என்றே திரும்பக் கேட்டார். ஆனால் ஆட்சேபம் வந்த அன்றே வீடியோவின் தேதியும் கீழே எழுதியதும் நம் பதிவேட்டில் நகலாகிவிடும். அது போதும்.

பிரிவுத் தலைவரிடம் போனேன். எல்லாவற்றையும் காட்டினேன். அவர் பார்த்தார். புரியாத ஆள் இல்லை.

"அந்தம்மா இலவசமாத்தானே வச்சிருக்கு? வெயில் காலத்துல தண்ணிப் பந்தல் வச்சா வாரவன் போறவன் குடிக்கத்தான் செய்வான்."

"குடிக்கட்டும் சார். பானையத் தூக்கிட்டுப் போயி, பந்தல் வச்ச அம்மாவையே குடிக்கக் கூடாதுங்குறாங்க. அதுக்கு நாம காவல் நிக்கிறோம்."

"ரெண்டு வாரம் பொறு. கிளையண்ட்டுக்கு லெட்டர் போடுவோம், பதில் வரட்டும்."

"சேனல் அஞ்சு நாள்ல அழிஞ்சிரும் சார்."

"அதுக்கு?" அவர் குரல் உயர்ந்தது. "ஒன்னய யாரு இந்த சீட்ல உக்கார வச்சதுன்னு மறந்துட்டுப் பேசுற."

மறக்கவில்லை. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்காட்டிய அந்த நிமிடம் ஒன்று புரிந்தது. வேலை கொடுத்தவருக்கு வேலையைத்தான் கொடுக்கலாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் மூடக் கூடாது.

என் மேசைக்கு வந்தேன். அந்த நிறுவனத்தின் கணக்குப் பாடங்கள் அத்தனையையும் மாதிரிக் கோப்புப் பட்டியலிலிருந்து நீக்கினேன். டீச்சர் மீதிருந்த மூன்று ஸ்ட்ரைக்கையும் திரும்பப் பெற்றேன். காரணம் என்ற கட்டத்தில், 'நான் செய்த தவறு' என்று எழுதி என் முழுப் பெயரையும் போட்டேன். எனக்கு அதற்கு அனுமதி இல்லை. பொத்தான் இருந்தது. பிறகு எழுந்து போய் அவரிடம், "முடிச்சுட்டேன் சார்" என்றேன். முடித்துவிட்டுச் சொன்னது சரியா என்று கேட்பீர்கள். தெரியாது. கேட்டுவிட்டுக் காத்திருந்தால் சேனல் இருந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

மதியம் டியூஷன் நிறுவனத்துக்காரர் போனில் வந்தார். பிரிவுத் தலைவர் என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, யாரு நீ? நாங்க காசு குடுத்து ஒங்கள வச்சிருக்கோம்."

"சார், அந்தப் பாடத்த நீங்க தாராளமா விக்கலாம். இப்பவும் விக்கலாம். ஒரே ஒரு வரி, அவங்க பேரு. அது போட்டிருந்தா யாரும் ஒங்கள ஒண்ணும் கேட்டிருக்க முடியாது."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பேரப் போட்டா, கவர்மெண்டு ஸ்கூலு டீச்சர் பாடம்னு தெரிஞ்சிரும்ல? அப்புறம் எவன் எங்ககிட்டப் பீசு கட்டிப் படிப்பான்?"

எதையும் மறைக்காமல் சொன்னார். வெட்கமே இல்லை. நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. போனை வைத்தபோது பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடைமுறையை மீறியதற்காக எனக்கு மெமோ வந்தது. ஆறு மாதம் என்னை ஆட்சேப மேசையிலிருந்து எடுத்து, தலைப்புகளைத் தட்டச்சு செய்யும் வேலையில் போட்டார்கள். அந்த நிறுவனம் போகவில்லை. வேறு பாடங்களைக் கொண்டுவந்தது. அவற்றிலும் யார் பெயரும் இல்லை. ஆனால் அதன்பிறகு நம் அலுவலகத்தில் யாரும் கேட்காமல் டிக் போடுவதில்லை. பிரிவுத் தலைவரே, யாரிடமும் சொல்லாமல், டிக் போடும் அந்தப் படிவத்தில் 'பாடம் எடுத்தவர் பெயர்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தார். அதைப்பற்றி என்னிடம் அவர் ஒருநாளும் பேசவில்லை.

ஸ்ட்ரைக்குகளைத் திரும்பப் பெற்ற அன்றே கீழே இறங்கிப் போய் டீச்சரிடம் சேனல் தப்பித்தது என்றேன். அவர் தன் போனில் திறந்து பார்த்தார். இறங்கியிருந்த மூன்று பாடமும் திரும்ப வந்திருந்தன. எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"இனிமே சாதாரண உரிமத்துலயே வச்சிருங்க டீச்சர்" என்றேன். "அதான் பாதுகாப்பு."

"எதுக்கு? நீ படிக்காம இருந்ததுக்கு நான் எதுக்குப் பூட்டணும்?" என்றார். அங்கேயே, பாத்திரக்கடை வாசலில் நின்றபடி, மூன்று பாடத்தையும் மறுபடி திறந்த உரிமத்துக்கு மாற்றினார். பிறகு, "அந்தச் சைகைப் புள்ளைக்குச் சொல்லிட்டியா? அது மறுபடி போடட்டும்" என்று கேட்டார்.

சொன்னேன். சபீனாவுக்கு எழுதியும் கொடுத்தேன், அவர் அப்பாவிடம் காட்டுவதற்காக. மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அழித்தது அழித்ததுதான். ஒவ்வொரு பாடத்தையும் மறுபடி எடுத்து, மறுபடி நின்று, முதல் வரியிலிருந்து சைகை செய்ய வேண்டும். பள்ளி முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில்தான் அதைச் செய்ய முடியும். இருந்தது மூன்று வாரம்.

சபீனா முதல் பாடத்தை மறுபடி ஏற்றிய அன்று எனக்குத் தகவல் அனுப்பினார். பார்த்தேன். நன்றாக இருந்தது, நிதானமாக. டீச்சரின் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. ஏற்றிய தேதியைப் பார்த்தேன். பொதுத்தேர்வு முடிந்து நாலாம் நாள்.